விதவைப் பேயும் வாலிபர் மரணமும்

நல்ல திடகாத்திரமான வாலிபன் ஒருவன் இரவு வயிறாரச் சாப்பிட்டு, வீட்டாருடன் சிரித்துப் பேசிவிட்டுப் படுக்கிறான். நடுநிசியில் அவன் தொண்டையிலிருந்து முக்கலும் முனகலுமாய் ஒரு சப்தம் வருகிறது. பக்கத்தில் படுத்திருப்பவர்கள் தட்டி எழுப்புகிறார்கள். அவன் எழுந்திருப்பதில்லை. விடிவதற்குள் பிணமாகி விடுகிறான். முதல் நாள் வரை மூட்டை சுமந்தவன், காய்ச்சல் தலைவலி என்று ஒரு நாளும் படுக்காதவன், இப்படி மாண்டு போனால் அதற்கு என்ன காரணம் சொல்லுவது? காரணம் தெரியாத இடம் எதுவோ அதுவே பேய்க்குக் குடியிருப்பு. ஆகவே இந்த மாதிரியான சாவு எந்தத் தேசத்தில் நேர்ந்தாலும், அந்தத் தேசத்துப் பேய் ஒன்றின் தலையில் பழி போடப்பட்டே வந்திருக்கின்றது.

பழைய நாளில் சயாம் என்று வழங்கப்பட்ட தாய்லாந்து தேசத்தின் வடகிழக்குப் பாகத்தில் இந்தச் சாவுக்கு "லாய் தாய்" என்று பெயர். தூக்கத்தில் சாவது என்பது அதன் கருத்து. பிலிப்பைன் தீவுகளில் இதையே "பங்குங்கோட்" என்கிறார்கள். ஜப்பானில் "பொக்குரி" என்கிறார்கள். பிலிப்பைன் ஜனங்களில் பலர், இரவில் சோற்றை மட்டுமீறித் தின்று படுத்ததன் பலன் இது என்பார்கள். தாய்லாந்துக் கிராமத்தாரோ, புருஷனில்லாத விதவைப் பேய் ஒன்று இரவில் ஆண்பிள்ளை தேடி அலைகிறதென்றும், தன் கண்ணில் பட்ட வாலிபனைப் புருஷனாக்கிக் கொண்டு போய்விடுகிறதென்றும் சொல்லுவார்கள். அந்தப் பேயை ஏமாற்றுவதற்காகச் சில கிராமங்களில் ஆண்பிள்ளைகள் உதட்டுக்கும் நகத்துக்கும் சாயம் பூசி, பெண்கள் உடையை உடுத்திக் கொண்டு படுத்தார்கள். மரத்தில் ஆண்குறியைச் செதுக்கி வீட்டு வாசலில் வைத்தார்கள்.

இதைப் படிக்கிற நம்மவர்களில் சிலருக்குச் சிரிப்பு வரலாம். சிரிப்பதற்கு முன் நம் ஊர் மோகினியைக் கொஞ்சம் நினைத்துப் பார்த்துக்கொள்ளும்படி வேண்டுகிறோம். நடுநிசியில் மல்லிகைப்பூ வாசனையோடு வந்து வாலிபனை வாட்டுகிற மோகினிக்கும், அந்தத் தேசத்து விதவைக்கும் என்ன வித்தியாசம்? தூக்கத்தில் மார்பின் மேல் ஏறி உட்காருகிறதாக நம் பாட்டிமார் சொல்லும் அமுக்கான் பேய்க்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? மற்றொரு சங்கதியும் கவனிக்கத்தக்கது. அங்கேயும் ஆண்பிள்ளை செத்தால் பழி விழுவது ஒரு விதவையின் தலையில்தான். உயிரோடிருக்கும் விதவையை எதிரில் வந்தால் சகுனத்தடை என்கிறார்கள். இல்லாத விதவையைப் பேய் என்கிறார்கள். இரண்டிலும் ஆண்பிள்ளைக்குப் பொறுப்பில்லாமல் போவது ஒன்றுதான் லாபம்.

நிற்க. பேய்க்கதை பொய் என்று சொல்லுவதோடு நமது வேலை முடிந்துவிடுவதில்லை. பொய் பலவிதம். சில பொய்கள் பணத்தைத்தான் பறிக்கும். இந்தப் பொய்யோ உயிரைப் பறிக்கக்கூடியது. எப்படியென்றால், "பேய் கொண்டுபோய் விட்டது" என்றோ, "விதி முடிந்துவிட்டது" என்றோ சொன்னவுடன் கேள்வி நின்றுவிடுகிறது. செத்தவனுக்கு ஒரு தம்பி இருப்பான், ஒரு மகன் இருப்பான். அவர்கள் இன்றிரவும் அதே திண்ணையில்தான் படுக்கப்போகிறார்கள். அடுத்தது அவர்களில் யார் என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. செத்தவனை எந்த வைத்தியனாலும் எழுப்ப முடியாது. ஆனால் தம்பியைக் காப்பாற்ற முடியும். அந்தக் காரியத்துக்குக் குறுக்கே நிற்பதுதான் விதவைப் பேய்.

இனி இந்தப் பேய் எப்படிப் பிடிபட்டது என்று பார்ப்போம். 1975-ல் இந்தோசீன யுத்தம் முடிந்தபின், லாவோஸ் தேசத்து மலைகளில் வாழ்ந்த ஹ்மாங் ஜனங்களில் ஏராளமானவர் அகதிகளாக அமெரிக்காவுக்குப் போனார்கள். 1977 முதற்கொண்டு அவர்களில் திடகாத்திரமான ஆண்கள் தூக்கத்திலேயே சாக ஆரம்பித்தார்கள். சில வருஷங்களில் தென்கிழக்காசிய அகதிகளிடையே இவ்விதம் நேர்ந்த சாவு நூற்றுக்கு மேல் போய்விட்டது. அவ்வாறே, 1982 முதல் 1990 வரையில், சிங்கப்பூரில் கட்டட வேலை செய்யப்போன தாய்லாந்துத் தொழிலாளர்களில் 200 பேருக்கு மேல் தூக்கத்தில் மாண்டார்கள். கிராமத்து மரத்தில் குடியிருந்த பேய் கடல் தாண்டி வந்ததென்றால், அதற்குக் கப்பல் சீட்டு வாங்கிக் கொடுத்தவர் யார்? அமெரிக்கா போவதற்கு அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்த அதிகாரி யார்?

ஆனால் இதில் நாம் ஒன்றை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் கிராமத்தார் கண்ணால் பார்த்த விஷயங்களில் பொய் இல்லை. சாகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள் என்றார்கள்; வாஸ்தவம். வாலிபர்களும் நடுவயதுக்காரர்களும் என்றார்கள், அதுவும் வாஸ்தவம். இரவில், தூக்கத்தில் என்றார்கள்; அதுவும் வாஸ்தவமே. பார்த்ததெல்லாம் மெய், அதற்குச் சொன்ன காரணம்தான் பொய். பாமர ஜனங்களுக்குக் கண் இல்லை என்று நாம் ஒருநாளும் சொன்னதில்லை. கண்டதை விசாரிக்கவொட்டாமல் வாயை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்றுதான் சொல்லுகிறோம்.

அமெரிக்காவில் பிணங்களை அறுத்துச் சோதித்தார்கள். சாவுக்குக் காரணமாகச் சொல்லத்தக்க அடைப்போ, ரத்தக் கசிவோ, விஷமோ ஒன்றும் அகப்படவில்லை. அறுத்துப் பார்த்தும் காணாததால் பேயே ஜெயித்துவிட்டது போலத் தோன்றிற்று. ஏன் அகப்படவில்லை? விளக்கு அணைந்த வீட்டில் கம்பியையும் கண்ணாடிக் குமிழையும் பார்க்கலாம். மின்சாரத்தைப் பார்க்க முடியுமா? கோளாறு இருதயத்தின் சதையில் இல்லை, அதில் ஓடும் மின்சாரத்தில் இருந்தது. உயிர் போனபின் அந்த மின்சாரம் அடையாளம் வைத்துவிட்டுப் போவதில்லை.

இருதயம் துடிப்பது எவருடைய கட்டளையினாலும் அல்ல. அதன் மேலறையில் ஒரு சிறு சதைப்பகுதி இருக்கிறது. அதிலிருந்து மிகச் சிறிய மின்சார அதிர்வு ஒன்று, சாதாரணமாய் ஒரு நிமிஷத்துக்கு 60 முதல் 100 தடவை வரையில் கிளம்பி, மேலறைகளைக் கடந்து கீழறைகளுக்குப் போகிறது. அதிர்வு போன இடமெல்லாம் சதை சுருங்குகிறது, ரத்தம் தள்ளப்படுகிறது. இந்த அதிர்வு உண்டாவது எதனால் என்றால், சதையின் நுண்ணிய அணுவறைகளின் சுவரில் உள்ள வாசல்கள் வழியாக உப்புச் சத்துக்கள் உள்ளே போவதாலும் வெளியே வருவதாலும்தான். சோடியம் போவதற்கு ஒரு வாசல், பொட்டாசியம் போவதற்கு ஒரு வாசல், கால்சியம் போவதற்கு ஒரு வாசல். வாசற்கதவு ஒன்று சரியாகத் திறக்காவிட்டாலும், மூடாவிட்டாலும் தாளம் கெடுகிறது. தாளம் முற்றும் கெட்டு, கீழறைகளின் ஒவ்வொரு நாரும் தன் இஷ்டத்துக்குத் துடிக்க ஆரம்பித்தால் இருதயம் புழுப்போல நெளியுமேயல்லாமல் ரத்தத்தைத் தள்ளாது. சில விநாடிகளில் நினைவு போய்விடும். சில நிமிஷங்களில் மூளை சாக ஆரம்பிக்கும். பேய் கழுத்தை நெரிப்பதால் வருகிறதாகச் சொல்லப்பட்ட அந்த முனகல், ரத்தம் எட்டாத மூளை கடைசியாக மூச்சுக்குத் தவிக்கிற சப்தம்.

உயிரோடிருக்கும்போது இந்த மின்சாரத்தைத் தோலின் மேலிருந்தே காகிதத்தில் கோடாகப் பதிய வைக்கலாம். அதுதான் ஈ.சி.ஜி. அதைக் காரியத்துக்கு உதவும்படி செய்த ஐந்தோவன் என்ற டச்சு விஞ்ஞானிக்கு 1924-ல் நோபல் பரிசு கிடைத்தது. 1986-ல் போலந்து தேசத்துச் சிறுவன் ஒருவன், வயது மூன்று, அடிக்கடி நினைவு தப்பி விழுவதாக நெதர்லாந்து தேசத்துக்குச் சிகிச்சைக்குக் கொண்டுவரப்பட்டான். அவனுடைய சகோதரி ஏற்கனவே இப்படியே மாண்டிருந்தாள். இருவருடைய ஈ.சி.ஜி.யையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மார்பின் வலப்பக்கத்துப் பதிவில் ஒரே மாதிரியான கோணல் இருந்தது. கோடு மேலே எழுந்து, வில்லைப் போல வளைந்து, கீழே சரிந்தது. பெத்ரோ ப்ருகாடா, ஜோசப் ப்ருகாடா என்ற ஸ்பெயின் தேசத்துச் சகோதரர்கள் இத்தகைய எட்டுப் பேரைச் சேகரித்து 1992-ல் எழுதினார்கள். இருதயத்தின் உருவத்தில் குறையில்லாமலே தாளம் கெட்டுச் சாக வைக்கும் அந்த வியாதிக்கு இப்போது அவர்கள் பெயரே வழங்குகிறது.

இனி தாய்லாந்துக்கு வருவோம். அந்நாட்டு வைத்தியர் கூன்லாவி நதமணி என்பவரும் கூட்டாளிகளும், லாய் தாய் வந்து பிழைத்தவர்களும் அதற்கு ஒப்பான குறி கண்டவர்களுமான 27 ஆண்களைச் சோதித்து 1997-ல் வெளியிட்டார்கள். அவர்களில் 16 பேருடைய ஈ.சி.ஜி.யில் அதே வளைவு இருந்தது. 1998-ல் சோடியம் வாசலைக் கட்டும் பரம்பரைக் குறிப்பில் பிழை இருப்பது சிலரிடம் கண்டுபிடிக்கப்பட்டது. 2002-ல் தென்கிழக்காசியாவின் தூக்கச் சாவும் ப்ருகாடா வியாதியும் ஒரே குறையால் வரக்கூடியவை என்பது சோதனைச்சாலையிலும் காட்டப்பட்டது. விதவைப் பேயின் விலாசம் சோடியம் வாசல் என்று ஆயிற்று!

இங்கே ஒரு வைதீகர் எழுந்து, "பார்த்தீர்களா, பிறக்கும்போதே எழுதியிருக்கிறது என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள், அதைத்தானே நாங்கள் தலையெழுத்து என்கிறோம்" என்று சொல்லலாம். தலையெழுத்து என்பதை இதுவரை படித்தவர் ஒருவருமில்லை. இந்த எழுத்தையோ காகிதத்தில் எடுத்து எவரும் படிக்கலாம். தலையெழுத்து முன்ஜன்மப் பாவத்தின் கூலி என்கிறீர்கள். இதுவோ தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி சந்தர்ப்பத்தில் வருவது. நாணயத்தைச் சுண்டினால் பூவா தலையா என்பது போன்றது. பாவமும் புண்ணியமும் நாணயத்தில் உண்டா? அன்றியும் தலையெழுத்தை மாற்ற முடியாதென்கிறீர்கள். இதிலோ, எழுத்து இருப்பவர்களிலேயே பெரும்பாலானவர்கள் ஆயுள் முழுவதும் சௌகரியமாக இருந்துவிட்டுப் போகிறார்கள். ஆகவே இது விதியல்ல, அபாயம். விதிக்கும் அபாயத்துக்கும் உள்ள வித்தியாசம் என்னவென்றால், அபாயத்தை அளக்கலாம், குறைக்கலாம். விதிக்குத் தட்சணை மாத்திரம்தான் கொடுக்கலாம்.

அப்படியானால் அபாயத்தை எப்படி அளப்பது? இதுவே நமக்கு முக்கியமான விஷயம். பிரான்ஸ், இத்தாலி, நெதர்லாந்து, ஜெர்மனி ஆகிய நான்கு தேசத்து வைத்தியர்கள் இந்த வியாதியுள்ள 1,029 பேரைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்து 2010-ல் கணக்கு வெளியிட்டார்கள். முன்பே ஒரு தடவை இருதயம் நின்று பிழைத்தவர்களில், வருஷத்துக்கு நூற்றுக்கு 7.7 பேருக்கு மறுபடியும் சாவோ, சாவுக்குச் சமமான தாளக்கேடோ நேர்ந்தது. நினைவு தப்பி விழுந்தது மாத்திரம் உள்ளவர்களில் நூற்றுக்கு 1.9 பேருக்கு நேர்ந்தது. ஒரு குறியும் இல்லாமல் ஈ.சி.ஜி.யில் மட்டும் வளைவு கண்டவர்களில் நூற்றுக்கு 0.5 பேருக்கு நேர்ந்தது.

இந்தக் கணக்கை நம் வீட்டுக் கணக்காக மாற்றிப் பார்ப்போம். ஒவ்வொரு வகையிலும் ஆயிரம் பேரை நிறுத்துவோம். ஒரு வருஷத்தில் முதல் கூட்டத்தில் 77 பேருக்கு ஆபத்து. இரண்டாவதில் 19 பேருக்கு. மூன்றாவதில் 5 பேருக்கு. மூன்று கூட்டத்தாருக்கும் காகிதத்தில் இருக்கும் வளைவு ஒன்றே. ஆனால் அபாயமோ ஒருவருக்கொருவர் பதினைந்து பங்கு வித்தியாசப்படுகிறது. வித்தியாசத்தைக் காட்டிக் கொடுப்பது எது? யந்திரம் அல்ல, "எப்போதாவது நினைவு தப்பி விழுந்தாயா, எப்படி விழுந்தாய்?" என்று மனிதன் மனிதனைக் கேட்கிற சாதாரணக் கேள்விதான். பேய் என்று சொல்லி வாயை மூடிக்கொண்டவர்கள் கேட்காமல் விட்ட கேள்வி அதுவே.

மூன்றாவது கூட்டத்தாரின் ஐந்தை அற்பம் என்று தள்ளிவிடவும் கூடாது. ஒரு வருஷத்துக்கு ஐந்து என்றால் பத்து வருஷத்தில் ஐம்பதுக்குச் சமீபமாகும். முப்பது வயதுக்காரனுக்கு முன்னால் நாற்பது வருஷம் இருக்கிறது. அதே சமயம், அந்தப் பத்து வருஷத்தில் சுமார் 950 பேருக்கு ஒன்றும் நேராது என்பதையும் மறக்கக்கூடாது. பயப்படாதே என்று சொல்லுவதும் தப்பு. பயந்து சாகு என்று சொல்லுவதும் தப்பு. கணக்கைக் காட்டு, யோசிக்கவிடு என்பதே சரி.

நிற்க. அபாயம் அதிகமென்று தெரிந்தபின் செய்யத்தக்கது என்ன? போலந்தில் பிறந்த மிரோவ்ஸ்கி என்ற வைத்தியர், உடலுக்குள்ளே வைக்கத்தக்க ஒரு சிறு மின்சாரக் கருவியை உண்டாக்கினார். அது 1980-ல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் முதன்முதலாக ஒரு மனித உடலில் வைக்கப்பட்டது. இருதயத்தின் தாளத்தை இரவும் பகலும் கவனித்திருந்து, அது கெட்டவுடன் ஓர் அடி கொடுத்து நேராக்குவது அதன் வேலை. தாய்லாந்தில் லாய் தாயிலிருந்து பிழைத்தவர்களுக்கும், அந்த அபாயம் உள்ளவர்களுக்கும் இந்தக் கருவியையும் மருந்தையும் ஒப்பிட்டுச் செய்த சோதனை 2003-ல் வெளிவந்தது. மருந்து சாப்பிட்ட பிரிவிலேயே சாவு நேர்ந்தது. கருவி வைத்த பிரிவில் ஒருவரும் சாகவில்லை. உதட்டுச் சாயத்தால் தடுக்க முடியாத பேயை உள்ளங்கையளவுப் பெட்டி ஒன்று தடுத்தது. சிங்கோனாப் பட்டையிலிருந்து எடுக்கும் கினிடின் என்ற பழைய மருந்தும் சிலருக்கு உதவுகிறது. இருதயத்தின் வலது கீழறையிலிருந்து ரத்தம் வெளியேறும் இடத்தின் மேற்புறத்தில் கெட்ட மின்சாரம் கிளம்பும் பகுதியைச் சுட்டு அழிக்கும் முறையும் 2011 முதல் செய்யப்பட்டு வருகிறது.

"அப்படியானால் வளைவு கண்ட எல்லோருக்கும் கருவியை வைத்துவிட்டால் போகிறது" என்று சிலர் நினைக்கலாம். இங்கேதான் பகுத்தறிவு இரண்டாவது முறையும் வேலை செய்ய வேண்டும். பூசாரியிடமிருந்து புத்தியைப் பிடுங்கி டாக்டரிடம் அடகு வைப்பது பகுத்தறிவாகாது. கருவியின் விலை ஏழைக்கு எட்டாதது. அதன் மின்கலம் தீர்ந்துபோகும், மாற்றவேண்டும். கம்பி ஒடியலாம், சீழ் பிடிக்கலாம், தாளம் கெடாதபோதே தவறாக அடி கொடுக்கலாம். விழித்திருக்கிறவன் மார்பில் அந்த அடி விழுந்தால் குதிரை உதைத்தது போலிருக்கும். நூற்றுக்கு ஏழுக்கு மேல் அபாயமுள்ளவன் இதையெல்லாம் சகிப்பது நியாயம். நூற்றுக்கு அரை அபாயமுள்ளவனுக்கு நன்மையைவிடத் தீமை மிஞ்சலாம். ஆகையால் மூன்றாவது கூட்டத்தாரில் பெரும்பாலோருக்குக் கருவி வைக்காமல், எச்சரிக்கையோடிருக்கச் சொல்லி வருஷந்தோறும் கவனிப்பதே வழக்கமாக இருக்கிறது.

வைத்தியர்களின் நம்பிக்கைகூடச் சோதனைக்கு நின்றுதான் ஆகவேண்டும் என்பதற்கு ஒரு பெரிய அத்தாட்சி சொல்லுகிறோம். மாரடைப்பு வந்து பிழைத்தவர்களுக்கு இருதயம் இடையிடையே தப்புத்துடிப்புத் துடிப்பதுண்டு. அப்படித் துடிக்கிறவர்களில் சாவு அதிகம். ஆகவே தப்புத்துடிப்பை மருந்தால் அடக்கிவிட்டால் சாவும் குறையும் என்று உலகமெல்லாம் நம்பிற்று. கேட்பதற்கு எவ்வளவு நியாயமாயிருக்கிறது! அமெரிக்காவில் அதைச் சோதித்தார்கள். 1,498 பேரில் 755 பேருக்கு என்கைனைட், பிளெகைனைட் என்ற மருந்துகளில் ஒன்றும், 743 பேருக்குச் சத்தில்லாத மாத்திரையும் கொடுத்தார்கள். மருந்து தப்புத்துடிப்பை அழகாக அடக்கிற்று. ஆனால் சராசரி பத்து மாதத்தில் மருந்து சாப்பிட்டவர்களில் 63 பேரும், வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 26 பேரும் செத்தார்கள்! 1989-ல் அந்த மருந்துகளை உடனே நிறுத்தினார்கள். 1991-ல் கணக்கு முழுவதையும் அச்சிட்டார்கள்.

இதைக் கண்டு "பார், உன் விஞ்ஞானமும் கொன்றது" என்று எக்காளமிடுகிறவர்கள் ஒன்றுக்குப் பதில் சொல்லட்டும். அந்த மருந்து கொல்லுகிறது என்று கண்டுபிடித்தது எந்த மடம்? எந்தச் சோதிடன்? வைத்தியர்களே எண்ணிப் பார்த்து, தாங்களே வெளியிட்டு, தாங்களே நிறுத்தினார்கள். பரிகாரம் செய்த வீட்டில் எத்தனை பேர் பிழைத்தார்கள், செய்யாத வீட்டில் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று எந்தப் பூசாரியாவது என்றைக்காவது எண்ணியதுண்டா? எண்ணினால் தொழில் போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். அதே பிளெகைனைட் மருந்து, மறைந்திருக்கும் ப்ருகாடா வளைவை வெளிக்கொண்டுவருவதற்கு இன்று ஆஸ்பத்திரியில் காவலோடு உபயோகிக்கப்படுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம். விஷமாக நின்றது சாட்சியாக வேலை செய்கிறது. இருதயத்துக்குள் கம்பியை விட்டுத் தாளத்தை வேண்டுமென்றே கெடுத்துப் பார்க்கும் சோதனை அபாயத்தை அளக்க உதவுமா என்பதில் பெரிய வைத்தியர்களுக்குள்ளேயே நெடுநாளாக அபிப்பிராய பேதம் இருந்து வருகிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பேதமில்லாமல் எல்லோரும் ஒரே குரலில் தலையாட்டுகிற இடம் கோவில் ஒன்றுதான்.

இனி, வைத்தியப் படிப்பில்லாத நாம் செய்யத்தக்கது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறோம்.

முதலாவது, குடும்பத்தை விசாரிக்க வேண்டும். ஒரு வீட்டில் வாலிபன் காரணமில்லாமல் திடீரென்று செத்தால், கருமாதிக்கு நாள் பார்ப்பதற்கு முன் அவனுடைய பெற்றோர், உடன்பிறந்தார், மக்கள் ஆகியோரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ஈ.சி.ஜி. எடுக்கச் செய்யவேண்டும். அதற்குச் சில நிமிஷம் போதும்; செலவும் சொற்பமே. ஆனால் ஒரு தடவை எடுத்த பதிவு சரியாக இருந்ததென்று நிம்மதியடைந்துவிடக் கூடாது. ப்ருகாடா வளைவு ஒருநாள் தோன்றும், ஒருநாள் மறையும். சில சமயம் மின்வாய்களை மார்பில் சற்று உயரத்தில் வைத்தால்தான் தெரியும். ஆகையால் குடும்பத்தில் நடந்த சாவை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லவேண்டும். அதைச் சொன்னால் பெண்ணுக்கு வரன் வராது, பையனுக்குப் பெண் கிடைக்காது என்று மூடி வைக்கிறவர்கள், மானத்தைக் காப்பாற்றுவதாக எண்ணிக்கொண்டு பிள்ளையைப் பலி கொடுக்கிறவர்களே ஆவார்கள்.

இரண்டாவது, மயக்கம் எல்லாம் ஒரே ஜாதியல்ல. வெயிலில் வெகுநேரம் நின்றோ, ரத்தத்தைக் கண்டோ, கண் இருட்டி வியர்த்து விழுகிற மயக்கம் பெரும்பாலும் அபாயமற்றது. முன்னறிவிப்பே இல்லாமல் வெட்டிய மரம்போல் விழுவது, ஓடும்போதும் நீந்தும்போதும் விழுவது, படுத்திருக்கும்போதே நினைவு தப்புவது, இவை அபாயக் குறிகள். ப்ருகாடா அல்லாத வேறு தாளக்கோளாறுகளும் உண்டு. அவற்றில் சில, ஓட்டத்திலும் நீச்சலிலும் திடீர்ச் சப்தத்திலும் கொல்லும். இருதயம் நின்று மூளைக்கு ரத்தம் குறையும்போது கைகால் இழுப்பதுமுண்டு. அதைக் காக்காய் வலிப்பு என்று எண்ணிக் கையில் சாவிக்கொத்தைக் கொடுத்து உட்கார்ந்திருப்பது நம் நாட்டு வழக்கம். இரும்பு எந்தத் தாளத்தையும் திருத்தாது. வலிப்பு என்று பெயர் சூட்டுமுன் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்கவேண்டும்.

மூன்றாவது, வியாதி இருப்பதாகத் தெரிந்தவர்கள் காய்ச்சல் வந்தால் சும்மா இருக்கக்கூடாது. காய்ச்சலின் சூட்டில் சோடியம் வாசல் இன்னும் மோசமாகி, வளைவும் அபாயமும் மேலிடும். உடனே சூட்டைத் தணிக்க வேண்டும். மட்டுமீறிய குடி கூடாது. எந்த மருந்தையும், மயக்க மருந்து உள்பட, டாக்டரிடம் வியாதியைச் சொல்லிவிட்டே எடுத்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது, எதிரில் ஒருவன் விழுந்து, கூப்பிட்டும் பேசாமல், மூச்சுச் சரியாக இல்லாமல் கிடந்தால், விபூதிக்கும் வேப்பிலைக்கும் ஓடாமல், ஒருவர் 108-ஐக் கூப்பிடவேண்டும். மற்றொருவர் அவன் நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல் அழுந்த, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை விடாமல் அமுக்கவேண்டும். மின்சார அடி கொடுக்கும் கருவி அருகிலிருந்தால் உடனே உபயோகிக்க வேண்டும். சும்மா நின்று வேடிக்கை பார்க்கிற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பிழைக்கும் சந்தர்ப்பம் நூற்றுக்கு 7 முதல் 10 பங்கு வரையில் குறைந்துகொண்டே போகிறது. முனகல் சப்தம் கேட்கிறதே, மூச்சு இருக்கிறதே என்று ஏமாறவேண்டாம். அந்த முனகல் மூச்சல்ல என்பதை முன்னமே சொன்னோம்.

உலகத்தில் திடீர்ச் சாவு எல்லாம் இந்த ஒரு வியாதியால் வருகிறதென்று யாரும் எண்ணிவிடக் கூடாது. வயதானவர்களில் அதற்குப் பெரிய காரணம் இருதயத்தின் ரத்தக் குழாய் அடைப்பே. புகையிலையும், ரத்தக் கொதிப்பும், நீரிழிவும் அதற்கு வழி செய்கின்றன. நாம் இந்த வியாதியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், பேயிடமிருந்து ஒரு சாவு எப்படிப் படிப்படியாக மீட்கப்பட்டது என்பதை இது வெட்டவெளிச்சமாகக் காட்டுவதால்தான். கிராமத்தார் கண்டார்கள், வைத்தியர் எண்ணினார்கள், காகிதத்தில் கோடு அகப்பட்டது, கோட்டிலிருந்து வாசல் அகப்பட்டது, யாருக்கு எவ்வளவு அபாயம் என்ற கணக்கு அகப்பட்டது. இன்னும் தெரியவேண்டியதும் அநேகம் இருக்கிறது. இந்த வியாதியுள்ளவர்களில் பெரும்பாலோரிடம் அந்தச் சோடியம் வாசலின் பிழை அகப்படுவதில்லை. குறியில்லாதவர்களில் சாகப்போகிற சிலரை முன்கூட்டியே பொறுக்கி எடுக்கவும் இன்னும் நிச்சயமான வழி இல்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு மேலே தேடுவதே அறிவின் யோக்கியதை. தெரியாத இடத்தில் ஒரு விதவையை உட்கார வைப்பது அறிவுமல்ல, மனிதத்தன்மையுமல்ல.

ஆகவே தோழர்களே! இனி உங்கள் ஊரில் ஒரு வாலிபன் திடீரென்று செத்தான் என்று கேள்விப்பட்டால், அது எந்தப் பேய், எந்தச் சனி, எந்தத் திசை என்று பேசுகிற கூட்டத்தில் உட்காராதீர்கள். அவனுக்குத் தம்பி உண்டா, தங்கை உண்டா, பிள்ளை உண்டா, அவர்களில் யாராவது எப்போதாவது நினைவு தப்பி விழுந்ததுண்டா என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போங்கள்.